அப்பா காதில் விழுந்த பாட்டுகள்



"மலருக்கு ஒரு கட்டுரை வேணும்டா. ஹாஸ்டல் சாப்பாடு, அரியர், ஒருதலைக் காதல்... இந்த மூணு மட்டும் வேணாம். ஏற்கெனவே ஒரு கட்டு வந்து கெடக்கு" என்று மலர்க்குழு நண்பன் கேன்டீன் வாசலில் என்னை மடக்கினான். "போன சீசன்ல உனக்குப் பிடிச்ச பாட்டு எதுன்னு எழுது. எப்பப் பார்த்தாலும் காதுல ஒயரோடதானே திரியுற!"

சரி என்று தலையாட்டிவிட்டேன். எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, எனக்குப் பிடித்த பாட்டுகளைப் பற்றி எழுதினால் அது அப்பாவின் காதைப் பற்றி எழுதுவதாக முடியும் என்று. அது எப்படி என்கிறீர்களா? பொறுமையாகப் படியுங்கள். நடுவில் கொஞ்சம் சிலபஸும் வரும். பயப்பட வேண்டாம், இதில் பரீட்சை கிடையாது!

முதலில் 'சீசன்' என்ற சொல்லுக்கு விளக்கம். உங்களில் பலருக்கு சீசன் என்றால் தீபாவளி ரிலீஸ், பொங்கல் ரிலீஸ். எங்கள் பட்டினச்சேரியில் சீசன் என்றால் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். 2017க்கு முன்னால் 45 நாளாக இருந்தது. மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் எல்லாம் கரையில் கிடக்கும். போட்டுக்கு பெயிண்ட் அடிப்பது, இஞ்சினைப் பிரித்துப் போடுவது, வலையில் கிழிசல் கட்டுவது என்று நாள் போகும். கையில் காசு இருக்காது. ஆனால் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்பா வீட்டில் இருப்பார். வருஷத்தில் அந்த இரண்டு மாதம்தான் எங்கள் வீட்டில் முழுக் குடும்பம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கத்தில் பாட்டு என்பது சாதாரண விஷயம் இல்லை. பதிகம் பாடிய காரைக்கால் அம்மையார் பிறந்த மண் இது. பக்கத்திலிருக்கும் திருமலைராயன்பட்டினம், கவி காளமேகம் கோபத்தில் வசை பாடி, மண்மாரி பொழிந்து அழிந்தது என்று கதை சொல்வார்கள். ஒரு பாட்டுக்கு ஊரையே மூடுகிற பலம் உண்டென்றால், ஒரு வீட்டில் சண்டை மூட்டுகிற பலம் இருக்காதா? எங்கள் வீட்டில் இருந்தது. 2025 தடைக்காலத்தில் நடந்த கதை அது.

முதல் பாட்டு: கனிமா

இது உங்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. 2025 மே 1 அன்று வந்த 'ரெட்ரோ' படத்துக்கு சந்தோஷ் நாராயணன் இசையமைத்து, அவரே பாடிய பாட்டு. மார்ச் மாதமே வெளிவந்து, படம் வருவதற்குள் எல்லோர் காலையும் ஆட வைத்துவிட்டது. கல்யாண வீட்டுப் பாட்டு. எங்கள் தெருவில் ஒரு கல்யாணத்தில் ஒரே ராத்திரி எட்டுத் தடவை போட்டார்கள். எண்ணினது நான்தான், ஏனென்றால் ஸ்பீக்கர் பாக்சுக்குப் பக்கத்தில் ஆம்ப்ளிஃபயர் பார்த்துக்கொண்டதும் நான்தான்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கால் பெருவிரல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். கிட்டே போய், "பாட்டு எப்படிப்பா?" என்றேன்.

"அடி நல்லாருக்கு. ஆனா என்னதான்டா சொல்றான்? ஒரு எழவும் புரியல."

பெரியவர்கள் எல்லாரும் சொல்கிற அதே வசனம். உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பீர்கள். நானும் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

இரண்டாவது பாட்டு: ஜிங்குச்சா

'தக் லைஃப்' படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான் போட்டது, கமல்ஹாசன் எழுதியது. 2025 ஏப்ரல் 18ஆம் தேதி வெளிவந்தது. தடை தொடங்கி நான்காம் நாள். அதுவும் கல்யாணப் பாட்டுதான். ஒரு சீசனுக்கு இரண்டு கல்யாணப் பாட்டு வந்தால் ஆம்ப்ளிஃபயர்காரன் நிலைமையை யோசித்துப் பாருங்கள்!

ஒரு நாள் ராத்திரி, சாப்பாட்டுக்குப் பிறகு, திண்ணையில் இதைப் போட்டுவிட்டு நான் மட்டும் ரசித்துக்கொண்டிருந்தேன். அப்பா வழக்கம்போல ஆரம்பித்தார்.

"இதெல்லாம் ஒரு பாட்டாடா? எங்க காலத்துல ஒவ்வொரு எழுத்தும் முத்து முத்தா விழும். இப்ப வாயில கொழுக்கட்டைய வச்சிக்கிட்டுப் பாடுறானுங்க."

அன்றைக்கு எனக்கு ஏதோ வேகம். இன்டர்னல் மார்க் குறைந்த எரிச்சல் வேறு. சட்டென்று சொல்லிவிட்டேன்: "பாட்டுல ஒண்ணும் குறை இல்லப்பா. அஞ்சாங்கிளாசோட நின்னா இதெல்லாம் எப்படிப் புரியும்?"

சொன்ன அடுத்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் சொன்னது சொன்னதுதானே. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டார். அம்மா உள்ளேயிருந்து வந்தது. "அந்த அஞ்சாங்கிளாஸ் சம்பாத்தியத்துலதான்டா நீ டிப்ளமோ படிக்கிற" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டது. அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மூன்று நாள் அப்பா என்னோடு பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. நம் வயசு அப்படி!

4000 ஹெர்ட்ஸ்

நான்காம் நாள். கல்யாண வீட்டில் அடிபட்ட ஸ்பீக்கர் ஒன்றைப் பிரித்துச் சரிசெய்து, திண்ணையில் வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தேன். நம் லேபில் ஃபங்ஷன் ஜெனரேட்டரை வைத்துச் செய்வோமே, அதே வேலை. வீட்டில் ஜெனரேட்டருக்கு எங்கே போவது? போனில் ஒலி எழுப்பும் செயலி ஒன்றை இறக்கி வைத்திருந்தேன். 250 ஹெர்ட்ஸ், 500, 1000 என்று ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போனேன்.

அப்பா இரண்டடி தள்ளி வலை ஊசியோடு உட்கார்ந்திருந்தார். 1000 ஹெர்ட்ஸ் வரும்போது முகத்தைச் சுளித்து ஒரு பார்வை பார்த்தார். 2000 வந்தது. 3000 வந்தது. 4000 போட்டேன், ஊசி போலக் குத்துகிற சத்தம். உள்ளேயிருந்து தங்கச்சி, "அண்ணே நிறுத்துண்ணே!" என்று அலறியது. அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டது. பக்கத்து வீட்டு அத்தை வெளியே எட்டிப் பார்த்தது.

அப்பா மட்டும் குனிந்த தலை நிமிராமல் கிழிசல் கட்டிக்கொண்டிருந்தார்.

கோபத்தில் வேண்டுமென்றே இருக்கிறார் என்று நினைத்தேன். சத்தத்தை முழுசாக வைத்தேன். அசைவில்லை. நிறுத்தினேன். அசைவில்லை. மறுபடி போட்டேன். தங்கச்சி ஓடிவந்து என் கையில் அடித்தது. அதைப் பார்த்துத்தான் அப்பா தலை நிமிர்ந்தார். "என்ன பாப்பா, ஏன் அண்ணனை அடிக்கிற?" என்றார்.

அந்த நிமிஷம் எனக்கு வயிற்றைப் பிசைந்தது நண்பர்களே. இரண்டு அடி தூரத்தில் ஒரு சத்தம் தெருவையே கூட்டுகிறது. என் அப்பாவுக்கு அப்படி ஒரு சத்தம் உலகத்திலேயே இல்லை.

ராத்திரி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அப்பா, ஒரு சோதனை. சத்தம் கேட்டா கைய தூக்குங்க" என்றேன். மூன்று நாள் கோபத்தை மறந்து, சின்னப் பையன் மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்தார். 250க்குக் கை தூக்கினார். 500க்குத் தூக்கினார். 1000க்குத் தூக்கினார். 2000க்குச் சத்தத்தைக் கூட்டிய பிறகு, சந்தேகத்தோடு பாதிக் கை. 3000க்கு முழுச் சத்தத்தில் ஏதோ ஒன்று. 4000க்குக் கை மடியிலேயே கிடந்தது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "வச்சிட்டியா?" என்றார். நான் வைத்து ரொம்ப நேரம் ஆகியிருந்தது.

கொஞ்சம் சிலபஸ்

போன் சோதனையை நம்பி முடிவு சொல்லக்கூடாது என்று எனக்கும் தெரியும். அம்மாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அப்பாவைக் காரைக்கால் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். காது டாக்டர் பரிசோதித்து ஒரு வரைபடம் கொடுத்தார். நேராகப் போய்க்கொண்டிருந்த கோடு 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியிருந்தது. "என்ன தொழில்?" என்று கேட்டார். "விசைப்படகு டிரைவர்" என்றோம். "எத்தனை வருஷம்?" "முப்பதுக்கு மேல." அவ்வளவுதான், அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

உட்காதுக்குள்ளே நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் மயிரிழை போல நுண்ணிய செல்கள். ஓயாத இரைச்சலில் அவை செத்துப்போனால் திரும்ப முளைக்காது. இரைச்சலில் கெடுகிற காதுக்கு முதல் அடி பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் விழும். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்பது தொழிலாளர்களுக்கான கணக்கு. அதற்கு மேல் 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 94க்கு 1 மணி. 100 டெசிபலுக்கு எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள். விடை: 15 நிமிஷம்!

கரையில் இஞ்சினை ஓட்டிப் பார்த்த அன்று போன் மீட்டரை வைத்துப் பார்த்தேன். நூறைத் தாண்டிக் காட்டியது. போன் மீட்டர் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்தான். ஆனால் அப்பா சுக்கான் பிடிக்கிற இடத்துக்குக் கீழேயேதான் இஞ்சின். கடலுக்குப் போனால் நாள் கணக்கு. பதினைந்து நிமிஷம் எந்த மூலைக்கு?

இப்போது பாட்டுக்கு வருவோம். பாட்டின் ராகமும் உயிரெழுத்தின் நீட்டலும் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருக்கும். அப்பாவுக்கு அதெல்லாம் கேட்கிறது. ச, ஸ, த, ட, ப என்று ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக்காட்டும் மெய்யெழுத்துகளின் கூர்மை மேலே இருக்கிறது. அவருக்கு அதுதான் போய்விட்டது. பற்றாக்குறைக்கு நம் காலத்துப் பாட்டில் பாஸ் பலமாக இருக்கிறது. தாழ்ந்த சத்தம் பலமாக இருந்தால் அது உயர்ந்த சத்தத்தை மூடிவிடும். ஆக, "அடி நல்லாருக்கு, வார்த்தை புரியல" என்று அப்பா சொன்னது வயசானவர் புலம்பல் இல்லை. துல்லியமான அளவீடு! நம் லேபில் நான் எடுத்த எந்த ரீடிங்கும் அவ்வளவு சரியாக வந்ததில்லை.

"அப்ப பழைய பாட்டு மட்டும் எப்படிப்பா உங்களுக்குப் புரியுது?" என்று பஸ்ஸில் வரும்போது கேட்டேன்.

"அது கேக்கணும்னு என்னடா இருக்கு? அதான் உள்ளயே இருக்கே" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

ஆமாம். சின்ன வயதில் நல்ல காதோடு கேட்டு மனப்பாடம் ஆன வார்த்தைகள். இப்போது ராகம் காதில் விழுந்ததும் வார்த்தை உள்ளேயிருந்து வருகிறது. புதுப்பாட்டுக்கு உள்ளே சரக்கு இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

வீட்டுக்கு வந்த பிறகு, அம்மா இல்லாத நேரம் பார்த்து அப்பா மெதுவாகச் சொன்னார்: "எனக்குத் தெரியும்டா தம்பி. நாலஞ்சு வருஷமாவே தெரியும். ஒரு தடவை கயிறு அறுந்து வருதுன்னு பின்னாடியிருந்து கத்தினாங்க. எனக்குக் கேக்கல. ஒருத்தன் இழுத்துத் தள்ளினான், தப்பிச்சேன். கடல் இரைச்சல்னு சொல்லிச் சமாளிச்சேன். செவிடன்னு தெரிஞ்சா போட்டுல எவன் ஏத்துவான்? அதான் எது கேக்கலன்னாலும் 'பாட்டு சரியில்ல, பேச்சு சரியில்ல'ன்னு சொல்லிடறது. இஞ்சின் இத்தனை வருஷம் சோறு போட்டுச்சு. கூலியா காதை எடுத்துக்கிச்சு. போவட்டும்."

அஞ்சாங்கிளாஸ் என்று நான் சொன்ன வார்த்தை அப்போது என் தொண்டையிலேயே சிக்கி நின்றது. அன்றைக்குத்தான் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அது கேட்டதா என்று தெரியாது. தலையைத் தடவிவிட்டுப் போனார்.

மூன்றும் நான்கும்: முத்த மழை, முகை மழை

அக்னி நட்சத்திரத்தில் கொளுத்துகிற வெயில். அதில் எனக்கு இரண்டு மழைப் பாட்டு கிடைத்தது. ஒன்று 'தக் லைஃப்' படத்தின் 'முத்த மழை'. இசைத்தட்டில் தீ பாடியது. மே 24ஆம் தேதி சென்னையில் நடந்த இசை வெளியீட்டு விழாவுக்கு அவர் வராததால், தெலுங்கிலும் இந்தியிலும் அதைப் பாடியிருந்த சின்மயி மேடையில் தமிழில் பாடினார். அவ்வளவுதான், ஊரே இரண்டு கட்சியானது. ஹாஸ்டலில் தீ கட்சிக்கும் சின்மயி கட்சிக்கும் கைகலப்பு வராத குறை. இதில் வேடிக்கை, ஜூன் 5ஆம் தேதி படம் தியேட்டருக்கு வந்தபோது அந்தப் பாட்டு அதில் இல்லவே இல்லை!

இன்னொன்று, மே 1ஆம் தேதி வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி' படத்தில் ஷான் ரோல்டன் இசையமைத்த 'முகை மழை'. இலங்கையிலிருந்து பிழைப்புத் தேடிக் கடல் தாண்டி வரும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை அது. அப்பாவைப் படத்துக்கு அழைத்துப் போனேன். படத்தில் வந்த இலங்கைத் தமிழ் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. "சிலோன் ரேடியோல கேட்ட பேச்சுடா" என்று சிரித்தார். என்ன பேசினார்கள் என்பதைப் பாதி நான் காதோரம் சொல்ல வேண்டியிருந்தது, அது வேறு விஷயம்.

இந்த இரண்டு பாட்டையும் அப்பா காதில் போட என்ன வழி? முதலில் நம் மூளைக்கு எட்டினது ஈக்வலைசர். 2000க்கு மேல் எல்லாவற்றையும் தூக்கி வைத்தேன். "டேய், காது கூசுதுடா!" என்று கத்தினார். நரம்பு கெட்ட காது அப்படித்தானாம். மெல்லிய சத்தம் கேட்காது, கொஞ்சம் கூட்டினால் தாங்காது. என் முதல் ப்ராஜெக்ட் அங்கேயே ஃபெயில்!

அப்புறம்தான் அவர் பஸ்ஸில் சொன்னது ஞாபகம் வந்தது. வார்த்தை உள்ளே இருந்தால் காதுக்கு வேலை குறைவு. அந்தக் காலத்தில் தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்களாம். அப்பாவுக்கு நானே பாட்டுப் புத்தகம் ஆனால் என்ன?

ஒரு மாலை, விசிறியை நிறுத்தினேன். அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். என் உதடு தெரிகிற மாதிரி, நிறுத்தி நிறுத்தி, பாட்டை வரி வரியாக வாசித்துக் காட்டினேன். இரண்டும் காதல் பாட்டு என்பதை மறந்துவிடாதீர்கள்! பெற்ற அப்பாவிடம் காதல் வரிகளை முகத்துக்கு நேராக வாசித்துக் காட்டிய முதல் டிப்ளமோ மாணவன் நானாகத்தான் இருப்பேன். எனக்குக் காது மடல் சிவந்துவிட்டது. தங்கச்சி வாயில் தாவணியை அடைத்துக்கொண்டு உருண்டது. அப்பா மட்டும் பாடம் கேட்கிற பையன் மாதிரி கவனமாகக் கேட்டு, "ம்... ம்... அப்புறம்?" என்றார்.

இரண்டு தடவை வாசித்த பிறகு பாட்டைப் போட்டேன். பாஸைக் குறைத்து, சத்தம் அளவாக வைத்து. கண்ணை மூடிக் கேட்டார். பாதியில் அவர் உதடு அசைந்தது. முடிந்ததும், "அட, இவ்வளவு அழகாவா எழுதியிருக்கான்! இத்தனை நாளு சும்மா திட்டிட்டேனே" என்றார்.

தீயா, சின்மயியா என்று கேட்டேன். இரண்டையும் போட்டுக் காட்டினேன். "ரெண்டு பொண்ணும் நல்லாத்தான் பாடுது. என்னை எதுக்குடா கட்சியில சேக்குற?" என்று தப்பித்துக்கொண்டார்.

ஐந்தாவது பாட்டு: மனசிலாயோ

இது முந்தின வருஷத்துச் சரக்கு. 2024 அக்டோபரில் வந்த 'வேட்டையன்' படத்தில் அனிருத் இசையமைத்தது. ஒரு நாள் தற்செயலாக ஓடியது. அப்பா தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தார்.

"டேய், இது மலேசியா வாசுதேவன் குரல்டா! அவர் செத்து எத்தனை வருஷமாச்சு?"

வார்த்தை கேட்காத காது, குரலைக் கண்டுபிடித்துவிட்டது பாருங்கள். மலேசியா வாசுதேவன் 2011இல் காலமானவர். அவர் குரலைச் செயற்கை நுண்ணறிவால் மறுபடி உருவாக்கிப் பாட வைத்திருக்கிறார்கள் என்று விளக்கினேன். அதே 2024 தொடக்கத்தில் வந்த 'லால் சலாம்' படத்தில் சாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவர் குரலையும் ரஹ்மான் இப்படிக் கொண்டு வந்ததையும் சொன்னேன்.

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "செத்தவன் தொண்டையத் திருப்பிக் கொடுக்கறீங்க. உயிரோட இருக்கறவன் காதைத் திருப்பிக் கொடுக்க முடியலயா?" என்றார்.

நண்பர்களே, இந்தக் கேள்விக்கு நம் துறையில் யாராவது பதில் கண்டுபிடியுங்கள். டாக்டர் காது கேட்கும் கருவி சொல்லியிருக்கிறார். அது மிச்சமிருப்பதைப் பெரிதாக்கிக் கொடுக்கும். போனதைத் திருப்பிக் கொடுக்காது. அதற்குத்தான் இப்போது பணம் சேர்க்கிறோம்.

ஆறாவது பாட்டு: சுராங்கனி

இந்த சீசனில் எங்கள் வீட்டில் முதல் இடம் பிடித்த பாட்டு, ஐம்பது வருஷத்துக்குப் பக்கத்தில் வயசானது! இலங்கையில் ஏ.ஈ. மனோகரன் பாடிப் புகழ் பெற்ற பாட்டு. அந்தக் காலத்தில் அங்கே நித்தி கனகரத்தினம், மனோகரன் போன்றவர்கள் கிதாரும் பைலா தாளமுமாகத் தமிழில் 'பொப் இசை' என்று ஒன்றைக் கிளப்பினார்கள். பைலா என்பது போர்ச்சுகீசியர் வழியாக இலங்கைக்கு வந்த ஆட்டத் தாளம். நாம் இன்று படத்துக்கு வெளியே வரும் தனிப்பாட்டுகளைப் புதுசாகக் கொண்டாடுகிறோம். அதை அவர்கள் அப்போதே செய்துவிட்டார்கள். 1977இல் வந்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் இதே சுராங்கனியைப் பாடியவர் யார் தெரியுமா? அதே மலேசியா வாசுதேவன்!

தாத்தாவிடம் ஒரு டிரான்சிஸ்டர் இருந்ததாம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை ஏறக்குறைய 60 கடல்மைல்தான். கடலைத் தாண்டி இலங்கை வானொலி தெளிவாக வருமாம். கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் எங்கள் தெருவுக்குச் சொந்தக்காரர்கள் மாதிரியாம். அந்த டிரான்சிஸ்டர் 2004 டிசம்பர் 26 சுனாமியோடு போய்விட்டது. நான் பிறப்பதற்கு முன்னால்.

ஜூன் மாதம், தடை முடியச் சில நாள் இருக்கும்போது, கரண்ட் போன ஒரு ராத்திரி. ஸ்பீக்கர் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. அப்பா தானாகவே சுராங்கனியைப் பாட ஆரம்பித்தார். மீன் கொண்டு வந்த சேதியைச் சொல்லும் பாட்டு அது. மீன்காரன் வீட்டில் வேறு எந்தப் பாட்டு பொருந்தும்? அம்மா முறத்தில் தாளம் தட்டியது. தங்கச்சி ஆடியது. ஒரு எழுத்து பிசகாமல், முத்து முத்தாகப் பாடினார். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பாடி அதுவரை நான் கேட்டதே இல்லை. பத்தொன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்து, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, கேட்காமல் இருந்தது நான்தான்.

ஜூன் 15

மெக்கானிக்கல் துறை நண்பன் ஒருவன் வந்து இஞ்சினின் சைலன்சரைப் பார்த்தான். துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. முதலாளியிடம் பேசி மாற்றச் செய்தோம். கல்யாண வீட்டு ஆம்ப்ளிஃபயர் கூலியில், தொழிற்சாலைகளில் மாட்டுகிற காதுமூடி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். சரியாக மாட்டினால் 20 டெசிபலுக்கு மேல் இரைச்சலைக் குறைக்கும். மிச்சமிருக்கும் காதையாவது காப்பாற்றலாம். பெரிய கப்பல்களின் சங்கு, விதிப்படி, 70 முதல் 700 ஹெர்ட்ஸுக்குள்தான் ஒலிக்க வேண்டும். அது அப்பாவுக்கு நன்றாகக் கேட்கும் எல்லை. இருந்தாலும், மூடியை மாட்டியிருக்கும்போது பக்கத்தில் ஓர் ஆள் நிற்கட்டும் என்று சொன்னேன். அதற்கு அவர் கூட இருப்பவர்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார். அவர் பயந்தபடி யாரும் அவரை இறக்கிவிடவில்லை. "எனக்கும் அப்படித்தான் அண்ணே, கொய்ங்னு ஒரு சத்தம் ராத்திரியெல்லாம்" என்று இரண்டு பேர் சொன்னார்கள்.

போட்டு கிளம்புகிற விடியற்காலையில் ஒரு பையன் கேலி செய்தான்: "என்ன மாமா, ஹெட்போன் மாட்டிக்கிட்டு பாட்டா கேக்குறீங்க?"

அப்பா மூடியைச் சரிசெய்துகொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஆமாடா. சுராங்கனி!" என்றார்.

நண்பர்களே, என் பட்டியல் முடிந்தது. உங்கள் பட்டியல் வேறாக இருக்கலாம், சண்டைக்கு வராதீர்கள். இரண்டே வேண்டுகோள். ஒன்று, ஹெட்போன் சத்தத்தைக் குறையுங்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபல்தான் எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளை நாம் போகப்போகிற தொழிற்சாலையிலும் ஜெனரேட்டர் அறையிலும் காதுமூடி கொடுத்தால், வெட்கப்படாமல் மாட்டுங்கள். இரண்டு, இந்த லீவில் வீட்டுக்குப் போனதும் உங்கள் அப்பாவையோ அம்மாவையோ எதிரே உட்கார வைத்து, உங்களுக்குப் பிடித்த பாட்டை வரி வரியாக வாசித்துக் காட்டுங்கள். காதல் பாட்டாக இருந்தாலும் பரவாயில்லை!

இதை எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். "எழுது. நாலு பேரு காது தப்பிச்சா சரி. ஆனா பேரு போடாதே" என்றார். அதனால்தான் கீழே பேர் இல்லை.



— மூன்றாமாண்டு மாணவன்,
மின்னணு மற்றும் தகவல் தொடர்புத் துறை,
பட்டினச்சேரி.